பதினான்கு விநாடிகள்

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்



சட்டைப் பையில் செல்போன் இருக்கும்போது கையில் கடிகாரம் எதற்கு என்று கேட்கிற காலம் இது. அதிலும் ஐம்பது அறுபது வருஷத்துப் பழைய கடிகாரம்! பேட்டரி கிடையாது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒரு நாளைக்குச் சில விநாடிகள் முன்னே ஓடும், இல்லாவிட்டால் பின்னே தங்கும். ஆனாலும் நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஒரு பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரம் ஏலத்துக்கு வந்தால், லட்சக்கணக்கில் கொட்டி வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். பணம் அதிகமானவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பதுதான் என் கட்சி. அதற்கு ஆதாரமாக ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவர் நம்மைப் போல மெக்கானிக்கல் படித்தவர். பெயர் ஜாக் ஸ்வைகர்ட். விண்வெளி வீரர். 1982ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

முதலில் கடிகாரம்

குரோனோகிராஃப் என்றால் என்ன? மணி காட்டுகிற கடிகாரத்துக்குள்ளேயே ஒரு ஸ்டாப் வாட்சும் சேர்ந்திருப்பது. அவ்வளவுதான். வலப்பக்கம் சாவிக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். மேல் பட்டனை அழுத்தினால் நீளமான விநாடி முள் கிளம்பும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பட்டனை அழுத்தினால் டக்கென்று பன்னிரண்டுக்குத் திரும்பும். இத்தனை நடந்தாலும் மணி முள்ளும் நிமிட முள்ளும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

குரோனோ என்றால் காலம், கிராஃப் என்றால் எழுதுவது. பெயர்க் காரணம் சுவையானது. 1821ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் குதிரைப் பந்தயத்தில் நேரம் குறிக்க நிக்கோலா ரியூசெக் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அது சுழலும் டயல் மேல் ஒரு பொட்டு மை வைக்கும். உண்மையிலேயே காலத்தை எழுதிய கருவி! நம் காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது என்பதை நினைத்தால், அந்தப் பாரிஸ் நமக்கு ரொம்பத் தூரமில்லை.

உள்ளே நடப்பது நம் சிலபஸ்தான் நண்பர்களே! மெயின் ஸ்பிரிங் சக்தி கொடுக்கிறது. கியர் ட்ரெயின் அதைக் கடத்துகிறது. பேலன்ஸ் வீல் அங்கும் இங்கும் ஆடி அதைச் சீராக அளந்து விடுகிறது. பட்டனை அழுத்தியதும், தூண் தூணாக நிற்கும் ஒரு சிறு சக்கரம் ஒரு படி திரும்புகிறது. தூண்களின் இடைவெளியில் லீவரின் மூக்கு விழுந்ததும் கிளட்ச் சேர்கிறது, முள் ஓடுகிறது. திரும்பப் பூஜ்யத்துக்கு வருவதுதான் வித்தையிலேயே வித்தை. முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு கேம் இருக்கிறது. அதன் மேல் ஒரு சுத்தி வந்து விழுகிறது. முள் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் சரி, இதயத்தின் பள்ளம் சுத்திக்கு நேரே வரும்வரை கேம் தானாகத் திரும்பும். முள் பூஜ்யத்தில் வந்து நிற்கும். அடால்ஃப் நிக்கோல் என்பவர் 1844இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. நூற்றெண்பது வருஷம் ஆகியும் இதைவிட எளிய வழி வரவில்லை. கேம் அண்ட் ஃபாலோயர் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிப்பவர்கள் ஒருமுறை இதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

டயலைச் சுற்றி எண்கள் இருக்குமே, அதுவும் சும்மா அழகுக்கல்ல. நாகூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஒரு கிலோமீட்டர் கல்லில் முள்ளைக் கிளப்பி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 விநாடி ஆகியிருந்தால் முள் 80இல் நிற்கும். மணிக்கு 80 கிலோமீட்டர். கால்குலேட்டர் வேண்டாம். டிரைவருக்குச் சொல்லவும் வேண்டாம்!

பேப்பர் போட்ட பையன்

இப்போது நம் ஆளிடம் வருவோம். ஜான் லெனார்ட் ஸ்வைகர்ட் 1931 ஆகஸ்ட் 30ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் பிறந்தார். ஜாக் என்பது செல்லப்பெயர். அப்பா கண் டாக்டர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. பதினான்கு வயதில் விமானப் பைத்தியம் பிடித்தது. பறக்கக் கற்றுக்கொள்ளக் காசு வேண்டுமே? வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சம்பாதித்தார். பதினாறு வயதில் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பொறியியல் படித்து 1953இல் பட்டம் பெற்றார். கல்லூரி அணியில் அமெரிக்கக் கால்பந்தும் ஆடினார். பிறகு விமானப்படையில் சேர்ந்து ஜப்பானிலும் கொரியாவிலும் போர் விமானம் ஓட்டினார். 1957இல் பிராட் அண்ட் விட்னி என்ற ஜெட் என்ஜின் கம்பெனியில் சோதனை விமானியானார். புது என்ஜினை ஆகாயத்தில் ஓட்டிப் பார்த்து, எங்கே கோளாறு வரும், வந்தால் என்ன செய்வது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இந்தப் பழக்கம் பின்னால் மூன்று உயிர்களுக்கு உதவியது.

இரண்டு முறை கதவு மூடியது

நாசா நிறுவனம் விண்வெளி வீரர்களுக்கு ஆள் எடுத்தபோது விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. அடுத்த தேர்விலும் விண்ணப்பித்தார். அதிலும் கிடைக்கவில்லை.

நம்மில் எத்தனை பேர் இந்த இடத்தில் நிற்கிறோம்! கேம்பஸ் இன்டர்வியூவில் கூப்பிட்டு, பேசி, சிரித்து, பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த வருஷம் ஒரு கம்பெனியின் அப்படிப்பட்ட பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, ஸ்வைகர்ட் வாழ்க்கையில் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நான் கொஞ்சம் நிதானமாகவே படித்தேன்.

அவர் என்ன செய்தார்? ஒரு பக்கம் வேலை. இன்னொரு பக்கம் படிப்பு. ரென்சிலார் தொழில்நுட்பக் கல்லூரியில் விண்வெளி அறிவியலில் முதுகலைப் பட்டத்தை 1965இல் வாங்கினார். நிர்வாகவியலிலும் சேர்ந்து 1967இல் இன்னொரு முதுகலைப் பட்டம். இதற்கு நடுவில் மூன்றாம் முறை விண்ணப்பித்தார். 1966 ஏப்ரலில் தேர்வான 19 பேரில் ஸ்வைகர்ட்டும் ஒருவர். வயது முப்பத்து நான்கு.

தேர்வாகிவிட்டால் உடனே சந்திரனுக்கு டிக்கெட் என்று நினைக்க வேண்டாம். முதலில் அப்போலோ 7 பயணத்துக்கு உதவிக் குழுவில் வேலை. அப்புறம் அப்போலோ 13க்கு மாற்றுக் குழுவில் இடம். அதாவது, போகிறவருக்கு ஏதாவது ஆனால் போகத் தயாராக இருக்க வேண்டியவர். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் தண்ணீர் பாட்டில் தூக்குவாரே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. அங்கேயும் அவர் சும்மா உட்காரவில்லை. தாய்க்கலத்தில் எந்தக் கருவி கெட்டால் என்ன செய்வது என்ற நடைமுறைகளில் ஊறிப்போனார்.

மூன்று நாள் அவகாசம்

1970 ஏப்ரல். அப்போலோ 13 கிளம்பச் சில நாள் இருக்கும்போது மாற்றுக் குழுவில் சார்லஸ் ட்யூக் என்பவருக்கு ஜெர்மன் மணல்வாரி வந்துவிட்டது. எல்லோரும் கூடப் பழகியவர்கள். பயணக் குழுவில் தாய்க்கலத்தை ஓட்ட வேண்டிய கென் மாட்டிங்லிக்கு மட்டும் அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. ஆகாயத்தில் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? மாட்டிங்லி இறக்கப்பட்டார். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஸ்வைகர்ட் உள்ளே வந்தார்.

தலைவர் ஜேம்ஸ் லோவல், சந்திரனில் இறங்க வேண்டிய ஃபிரெட் ஹைஸ், இவர்களோடு கடைசி நேரப் புது ஆள். சேர்ந்து வேலை செய்ய முடியுமா என்று பயிற்சிக் கருவியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஆள் ரெடி! எவ்வளவு அவசரம் என்றால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமலே கிளம்பிவிட்டார். கடைசித் தேதி ஏப்ரல் 15. வழியில் ஞாபகம் வந்து தரைக்கட்டுப்பாட்டிடம் கேட்க, அங்கே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவகாசம் உண்டு என்ற விதியில் அவருக்கும் கொடுத்தார்கள். அவர் வெளிநாட்டில் இல்லை, வெளி உலகத்திலேயே இருந்தார்!

கிளம்பியது ஏப்ரல் 11, ஹூஸ்டன் நேரம் 13 மணி 13 நிமிஷம். பயணத்தின் எண்ணும் 13. திருநள்ளாறு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இதைச் சனியின் கணக்கில் எழுதிவிடுவோம். ஆனால் வந்த கஷ்டத்துக்குக் காரணம் கிரகமில்லை, ஒரு சுவிட்ச்.

28 வோல்ட், 65 வோல்ட்

ஏப்ரல் 13 இரவு, ஹூஸ்டன் நேரம் 9 மணி 8 நிமிஷம். பூமியிலிருந்து சுமார் 3,20,000 கிலோமீட்டர் தூரம். ஆக்சிஜன் தொட்டியைக் கலக்கிவிடும் ஃபேனைப் போடச் சொல்லித் தரையிலிருந்து வழக்கமான உத்தரவு வந்தது. ஸ்வைகர்ட் போட்டார். சற்று நேரத்தில் பெரிய சத்தம். இரண்டாம் எண் ஆக்சிஜன் தொட்டி வெடித்திருந்தது. மற்ற தொட்டியும் கசியத் தொடங்கியது. ஆக்சிஜன் போனால் மூச்சு மட்டுமல்ல, மின்சாரமும் தண்ணீரும் போயிற்று. அந்தக் கலத்தில் மூன்றுக்கும் மூலம் அதுதான்.

எலெக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்க! தொட்டியின் ஹீட்டருக்குள் இருந்த தெர்மோஸ்டாட் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஏவுதளத்தில் கொடுக்கும் சப்ளையை 65 வோல்ட்டாக மாற்றினார்கள். சுவிட்சை மாற்ற மறந்தார்கள். கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்னால் தொட்டியைக் காலி செய்ய ஹீட்டரை எட்டு மணி நேரம் ஓடவிட்டபோது, சுவிட்சின் தொடுமுனைகள் வெல்ட் ஆகி ஒட்டிக்கொண்டன. 27 டிகிரியில் அணைய வேண்டிய ஹீட்டர் அணையவில்லை. உள்ளே இருந்த ஒயர்களின் உறை கருகிப்போயிற்று. ஃபேன் சுவிட்சைப் போட்டபோது பொறி பறந்தது அங்கேதான். சுவிட்சைத் தொட்ட கை ஸ்வைகர்ட்டுடையது. கோளாறு எப்போதோ, யாரோ சரிபார்க்காமல் விட்ட ஒரு வரி.

சந்திரனில் இறங்க எடுத்துப்போன சிறு கலத்தில் மூவரும் தஞ்சம் புகுந்தார்கள். அது இரண்டு பேருக்கு இரண்டு நாள் தாங்குவதற்காகச் செய்தது. மூன்று பேரை நான்கு நாள் தாங்க வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கணினி, ஹீட்டர், திசை காட்டும் கருவி எல்லாவற்றையும் அணைத்தார்கள். உள்ளே குளிர் 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான். சந்திரனில் நடக்க இருந்த இருவருக்கும் கனத்த பூட்ஸ் இருந்தது. நடக்கப் போகாத ஸ்வைகர்ட்டுக்கு அதுவும் இல்லை. ஈரக் காலோடு நடுங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதினான்கு விநாடிகள்

சந்திரனைச் சுற்றித் திரும்பும்போது பாதை கொஞ்சம் விலகுவது தெரிந்தது. பூமியின் காற்று மண்டலத்துக்குள் நுழையும் கோணம் ரொம்ப நுணுக்கமானது. செங்குத்தாக நுழைந்தால் எரிந்துபோகும். சரிவு குறைந்தால், குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு தண்ணீர் மேல் தத்திப் போகுமே, அதுபோலக் கலம் தெறித்து வெளியே போய்விடும். பாதையைத் திருத்த என்ஜினைச் சரியாக 14 விநாடி எரிக்க வேண்டும். கணினி தூங்குகிறது. எழுப்பினால் மின்சாரம் போதாது.

ஏப்ரல் 15 இரவு. ஜன்னல் வழியே தெரிந்த பூமியில் பகலும் இரவும் பிரியும் கோட்டை அடையாளமாக வைத்துக்கொண்டு லோவலும் ஹைஸும் கலத்தைக் கையாலேயே நேராகப் பிடித்தார்கள். நேரம் பார்க்கும் பொறுப்பு ஸ்வைகர்ட்டுடையது. அவர் கையில் இருந்தது நாசா கொடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் குரோனோகிராஃப். சாவி கொடுக்கும் கடிகாரம். என்ஜின் எரிந்தது. முள் ஓடியது. பதினான்காவது விநாடியில் என்ஜின் நின்றது. பாதை திருந்தியது.

எண்ணிப் பாருங்கள்: கோடிக்கணக்கான டாலர் செலவழித்துக் கட்டிய கலத்தில், அந்தச் சமயத்தில் நம்பி நின்றது ஒரு ஸ்பிரிங், சில பல்சக்கரங்கள், ஒரு இதய வடிவக் கேம்!

அது அதிர்ஷ்டத்தால் வந்த கடிகாரமும் இல்லை. கார்ப் பந்தயக்காரர்களை மனதில் வைத்து 1957இல் வெளிவந்த மாடல் அது. உள்ளே இருந்த இயந்திரத்தை லெமானியா கம்பெனியின் ஆல்பர்ட் பிகே 1942இல் வடிவமைத்தார். விட்டம் 27 மில்லிமீட்டர், விநாடிக்கு ஐந்து துடிப்பு. நாசா பல கம்பெனிக் கடிகாரங்களை வாங்கிச் சோதித்தது. 71 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாள், பிறகு 93 டிகிரியில் அரை மணி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் நான்கு மணி நேரம், வெற்றிடம், ஈரப்பதம், குலுக்கல், 40 ஜி அதிர்ச்சி, 130 டெசிபல் சத்தம். எல்லாம் தாண்டி மிஞ்சியது இந்த ஒன்றுதான். 1965 மார்ச் 1ஆம் தேதி தேர்ச்சி பெற்றதாக அறிவித்தார்கள். சிதறிக் கண்ணில் குத்தக் கூடாது என்பதால் அதன் மேல் கண்ணாடி கிடையாது, அக்ரிலிக் பிளாஸ்டிக். ஸ்ட்ராப் தோல் இல்லை, விண்வெளி உடைக்கு மேலேயே கட்டிக்கொள்ள நீளமான வெல்க்ரோ பட்டை.

கடைசிக் கட்டம் ஸ்வைகர்ட்டின் கையில். மூன்று நாளாகக் குளிர்ந்து கிடந்த தாய்க்கலத்தை எழுப்ப வேண்டும். சுவிட்ச் பலகை முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. எங்கே ஷார்ட் ஆகுமோ தெரியாது. தரையில் மாட்டிங்லியும் மற்றவர்களும் பயிற்சிக் கருவியில் ஓட்டிப் பார்த்துத் தயாரித்த பட்டியலை ரேடியோவில் படிக்க, இவர் எழுதிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டார். தூக்கக் கலக்கத்தில் கை தவறிச் சிறு கலத்தைக் கழற்றிவிடும் சுவிட்சைத் தட்டிவிட்டால், உள்ளே இருக்கும் நண்பர்கள் போய்விடுவார்களே என்று பயந்து, அதன் மேல் தொடாதே என்பதாக ஒரு காகிதத் துண்டை முன்கூட்டியே ஒட்டி வைத்தார். ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள். விமானிகள் பாதுகாப்புக்காக நாசாவில் வழங்கும் வெள்ளி ஸ்னூப்பி விருது, அந்த ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி ஒமேகா நிறுவனத்துக்குக் கிடைத்தது.

பாதுகாப்பு என்றால் பாலிஷ் அல்ல

நம் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் சொல்தா தாத்தா என்று கூப்பிடுவோமே, அப்படிப்பட்ட ஒருவரிடம் பிரான்சில் வாங்கிய குரோனோகிராஃப் ஒன்று உண்டு. போன வருஷம் சர்வீஸுக்குக் கொடுக்கத் தாத்தா என்னை அனுப்பினார். கடைக்காரப் பாய் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அப்புறம் என்னையும் பார்க்கச் சொன்னார். துரு இல்லை. ஸ்க்ரூ தலைகள் ஒன்றுகூடச் சிதையவில்லை. நம் கடற்கரை உப்புக்காற்றில் இத்தனை வருஷம்! எப்படி என்று தாத்தாவிடம் கேட்டேன். தினமும் காலையில் சாவி, வியர்வையை உடனே துடைப்பது, சில வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது, மழையில் மாட்டாமல் இருப்பது. வேறு ரகசியம் எதுவும் அவர் சொல்லவில்லை. வெளி உறையில் கீறல்கள் இருக்கின்றன. டயல் வெள்ளை பழுப்பாகிவிட்டது. பாலிஷ் போடட்டுமா என்று கேட்டதற்குப் பாயே தம்பி, அதில் கை வைக்காதே என்று தடுத்துவிட்டார்.

ஏன் தெரியுமா? பாலிஷ் போட்டால் விளிம்புகளின் கூர்மை போய்விடும். டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்தால் எழுத்தின் அச்சு போய்விடும். பழைய கடிகாரத்தை விரும்புகிறவர்கள் தேடுவது புதுசு மாதிரி மின்னுவதை அல்ல. பிறந்தபோது இருந்த அதே பாகங்கள், அதே முள், அதே டயல், இன்றைக்கும் ஓடுகிற நிலையில். இதில் ஏமாந்தவர்களும் உண்டு. 1957 மாடல் ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 2021 நவம்பரில் ஜெனீவாவில் 30 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போனது. வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது அது என்று 2023இல் வெளியே வந்தது. பார்வைக்கு அழகுதான். ஆனால் அந்தப் பாகங்கள் ஒன்றாக வாழவில்லை.

பழைய கடிகாரம் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1960களுக்கு முன் வந்த பலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. ஆர்வக் கோளாறில் டயலைச் சுரண்ட வேண்டாம்.

கீறலும் சேர்ந்ததுதான் வாழ்க்கை

ஸ்வைகர்ட் வாழ்க்கையையும் பாலிஷ் போடாமல் சொல்வதுதான் நியாயம். சந்திரனுக்கு மறுபடி போக அவருக்கு வாய்ப்பு வரவில்லை. 1975இல் அமெரிக்காவும் சோவியத் நாடும் சேர்ந்து நடத்திய பயணத்துக்கு அவர் பெயர் பேசப்பட்டது. ஆனால் விண்வெளி வீரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தபால் உறைகள் பற்றி நாசா விசாரித்தபோது, முதலில் உண்மையை மறைத்தார். பிறகு ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்த இடம் கைநழுவியது. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டி நிதானம் இழக்காத மனிதர், தரையில் ஒரு கேள்விக்கு முன் தடுமாறினார். அது அவருடைய கீறல்.

1973இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அறிவியல் குழுவுக்கு நிர்வாக இயக்குநராகப் போனார். 1978இல் செனட் பதவிக்கு நிற்க முயன்று கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே தோற்றார். விடவில்லை. 1982இல் கீழ்ச்சபைக்கு நின்றார். பிரசாரத்துக்கு நடுவே புற்றுநோய் என்று தெரிந்தது. அதை மக்களிடம் மறைக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லியே ஓட்டுக் கேட்டார். நவம்பரில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். பதவி ஏற்க வேண்டிய நாள் 1983 ஜனவரி 3. அதற்கு ஒரு வாரம் முன்னால், 1982 டிசம்பர் 27ஆம் தேதி, 51 வயதில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரது சிலையைக் கொலராடோ மாநிலம் 1997இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் வைத்தது. 1995இல் வந்த அப்போலோ 13 திரைப்படத்தில் கெவின் பேகன் அவராக நடித்தார்.

நமக்கு என்ன?

நண்பர்களே! பழைய குரோனோகிராஃப் மேல் ஏன் இத்தனை மோகம் என்று கேட்டோம். விலைக்காக வாங்குகிறவர்கள் இருக்கட்டும். அதன் உண்மையான அழகு தயார் நிலையில் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அந்த மேல் பட்டனுக்கு வேலையே இல்லை. மணி பார்க்க அது தேவையில்லை. வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே எண்ணெய் காயாமல், துரு ஏறாமல், தூண் சக்கரமும் சுத்தியும் தத்தம் இடத்தில் காத்திருக்கின்றன. ஒருநாள் யாரோ அழுத்துவார்கள். அப்போது முள் தயங்காமல் கிளம்ப வேண்டும்.

ஸ்வைகர்ட்டும் அப்படித்தான். இரண்டு முறை வேண்டாம் என்றார்கள். மாற்று ஆளாக உட்காரவைத்தார்கள். போகமாட்டோம் என்றே தெரிந்த பயணத்துக்காகத் தினமும் படித்தார். கூப்பிட்டபோது கையில் இருந்தது மூன்றே நாள். மூன்று நாளில் யாரும் விண்வெளி வீரராக முடியாது. அதற்கு முந்தைய இருபது வருஷமும் தனக்குத் தானே சாவி கொடுத்து வைத்திருந்ததால்தான் முடிந்தது.

நம் டிப்ளமோவையும் சிலர் மாற்று ஆள் மாதிரிதான் பார்க்கிறார்கள். இன்ஜினியர் அதிகாரி, நாம் உதவியாளர் என்று ஒரு எண்ணம். லேத்தில் ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிடிக்கிற கை, சர்க்யூட்டில் ரேட்டிங் பார்க்காமல் சுவிட்ச் மாட்டாத கண், மீட்டர் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற மூளை, இவை காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் துருப்பிடிக்க வேண்டியதில்லை. 28 வோல்ட் சுவிட்சை யாராவது ஒரு டெக்னீஷியன் எடுத்துப் பார்த்து, இது 65 தாங்காது சார் என்று சொல்லியிருந்தால் அந்தத் தொட்டி வெடித்திருக்காது. அந்த ஒரு ஆள் நாளைக்கு நம்மில் யாராகவும் இருக்கலாம்.

எப்போது கூப்பிடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. கூப்பிடும்போது ஓட வேண்டிய நேரம் 14 விநாடியாகக்கூட இருக்கலாம். அதுவரை தினமும் சாவி கொடுத்து வைப்போம்.